மட்டக்களப்புப் பாதையின் ‘ஆரம்ப காலம்’ எந்த ஆண்டில் முடிகிறது? மாதிரிப் புகையிரதம் அமைப்பவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: கல்லடிக் கரையோரம்

அனைவருக்கும் வணக்கம்.

எட்டு ஆண்டுகளாக மாதிரிப் புகையிரதம் அமைத்து வருகிறேன். எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பலகை ஒன்றில் மட்டக்களப்புப் பாதையின் ஒரு சிறு துண்டை, அதன் ஆரம்ப காலத்தில் இருந்தபடியே அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் ‘ஆரம்ப காலம்’ என்று எதைச் சொல்வது என்ற இடத்திலேயே வேலை நின்றுவிட்டது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு பாடசாலைக் கண்காட்சியில் ஓட்டமாவடிப் பாலத்தின் மாதிரி ஒன்றை வைத்து, ‘1930 இல் ஓட்டமாவடி’ என்று அட்டையில் எழுதியிருந்தேன். ஓய்வு பெற்ற நிலைய அதிபர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “வேலை நுட்பமாக இருக்கிறது தம்பி. ஆனால் பாலத்தில் சிவப்பு பஸ் நிற்கிறது. போக்குவரத்துச் சபை 1958 இல் அல்லவா வந்தது? கோச்சியை டீசல் இயந்திரம் இழுக்கிறது. தண்டவாளத்துக்குக் கீழே உள்ள சிலிப்பர் எல்லாம் கொங்கிறீற்று. இது எந்த 1930?” என்று கேட்டார். அவர் சொன்னது அத்தனையும் சரி. பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த நான், அவை ஒரே நாளில் அந்த ஒரே இடத்தில் நின்றிருக்க முடியுமா என்று பார்க்கவில்லை.

இம்முறை அந்தத் தவறு நேரக்கூடாது. பாதை மட்டக்களப்பை அடைந்தது 1928 இல் என்பது தெரியும். ஆரம்ப காலம் அங்கிருந்து எதுவரை செல்லும்? 1939 இல் போர் மூண்டதுடன் முடிகிறதா, 1948 இல் சுதந்திரம் கிடைத்ததுடனா, டீசல் வந்தபோதா, கடைசிக் கரிக்கோச்சி நின்றபோதா? வெளிநாட்டவர்கள் தங்கள் பாதைகளுக்குக் கால வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஏறாவூர்க் கைகாட்டி

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு ஆரம்பங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒன்று இலங்கைப் புகையிரதத்தின் ஆரம்பம். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் வண்டி ஓடியது 1864 டிசம்பர் 27 இல். கண்டிக்குப் பாதை சென்றது 1867 இல். வடக்குப் பாதை முழுமை பெற்றது 1905 இல். தலைமன்னார் 1914 இல். மற்றது நமது பாதையின் ஆரம்பம். மாகோவில் வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து, கல் ஓயாச் சந்தியில் திருகோணமலைக் கிளையை விட்டுவிட்டு, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக ஏறத்தாழ 212 கிலோமீற்றர் ஓடி மட்டக்களப்பை அடையும் இந்தப் பாதை திறந்தபோது, அதை நடத்திய நிர்வாகத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். ‘ஆரம்ப காலம்’ என்றவுடன் 1860-களின் படங்களைத் தேடி எடுத்து, கூரை குறைந்த ஓட்டுநர் அறையும் நான்கு சக்கரக் குட்டிப் பெட்டிகளுமாகச் செய்து, அவற்றை மட்டக்களப்புப் பெயர்ப்பலகைக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். அப்படியொரு காட்சி இந்த மண்ணில் இருந்ததே இல்லை. நமது பாதை இளையது. அதில் ஓடிய நடைமுறை முதியது. கைகாட்டிச் சைகை, ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டும் விடும் டெப்லட் முறை, வெக்குவம் பிரேக், பெட்டிகளை இணைக்கும் திருகுக் கொளுவி, பெட்டிகள் மோதாமல் தாங்கும் பக்கத் தாங்கிகள் எல்லாம் வேறு பாதைகளில் ஓடித் தேர்ந்த பிறகே இங்கு வந்தன.

வெளிநாட்டு வகுப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். பிரித்தானியர்கள் 1923 இல் கோடு கீறுவதற்குக் காரணம், அந்த ஆண்டில் அவர்களுடைய பல தனியார் கம்பனிகள் நான்கு பெருங் கம்பனிகளாக இணைந்தன. 1948 இல் கீறுவதற்குக் காரணம், அந்த நான்கும் அரசுடைமையாயின. இலங்கையில் புகையிரதம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே அது அரசினுடையது, ஆகவே அந்தக் கோடுகளுக்கு இங்கு பொருளில்லை. ஜெர்மனியரின் முதற் காலம் 1920 இல் முடிவதும் அவர்களுடைய மாநிலப் புகையிரதங்கள் ஒன்றானதால்தான். அமெரிக்காவில் பழைய பாதைகளை அமைப்பவர்களுக்குக் கொளுவியே நாட்காட்டி. ஊசி செருகிப் பூட்டும் பழைய கொளுவியால் தொழிலாளர்கள் விரல்களை இழந்ததை முன்னிட்டு 1893 இல் அங்கே சட்டம் வந்தது. 1900 ஆகும்போது தானியங்கிக் கொளுவி கட்டாயமாகியிருந்தது. ஆகையால் ஒரு சரக்குப் பெட்டியின் முனையைப் பார்த்தே அவர்கள் காலத்தைச் சொல்லிவிடுவார்கள். நம் நாட்டில் திருகுக் கொளுவி கரிக்கோச்சிக் காலத்திலும் இருந்தது, டீசல் காலத்திலும் இருந்தது. அதைப் பார்த்து ஒரு பத்தாண்டைக்கூடச் சொல்ல முடியாது.

நான் கைக்கொள்ளும் விதி ஒன்றுதான்: பலகையில் உள்ளவற்றுள் மிகப் புதிய பொருள் எதுவோ, அந்தப் பலகையின் காலம் அதுவே. நூறு பொருள்கள் 1930 ஐச் சேர்ந்தவையாக இருந்து, ஒன்று மட்டும் 1958 ஐச் சேர்ந்ததாக இருந்தால் காட்சி 1958 ஆகிவிடுகிறது. பழைய பெட்டி ஒன்று புதிய காலத்தில் முப்பது ஆண்டுகள் உழைக்கலாம்; புதிய இயந்திரம் பழைய காலத்துக்குள் ஒரு நாள்கூட முன்னால் போய் நிற்க முடியாது. ஆதலால் ஆரம்ப காலத்தின் எல்லையை, பழையது மறைந்த நாளில் வைக்காமல் புதியது வந்து சேர்ந்த நாளில் வையுங்கள்.

அப்படிப் பார்த்தால் என் கோடு 1953 இல் விழுகிறது. அந்த ஆண்டில்தான் பிரஷ் பக்னல் நிறுவனத்தின் எம்-1 டீசல் இயந்திரங்கள் இலங்கைக்கு வரத் தொடங்கின, மொத்தம் 25. அடுத்த ஆண்டிலிருந்து, கனடிய மாகாணங்களின் பெயர் தாங்கிய எம்-2 இயந்திரங்கள் வந்தன. அதற்கு முன்னரும் டீசல் இருந்தது உண்மைதான். 1934 இல் பெட்டி தள்ளும் சிறு இயந்திரம் ஒன்று வந்தது; 1938 இல் வெள்ளிப் பெயர் கொண்ட மூன்று டீசல் தொடர்வண்டிகள் வந்தன. ஆனால் அவை தலைநகரைச் சுற்றிய கதை. கொழும்பில் ஒரு பொருள் வந்திறங்கிய தேதியை அப்படியே தூக்கி மட்டக்களப்பில் வைப்பது, உங்கள் சிவப்பு பஸ்ஸைப் போன்ற தவறாகவே முடியும்.

மறுமொழி: கல்முனைத் தச்சுப்பட்டறை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஏறாவூர்க் காக்கா சொன்ன விதியை முழுமையாக ஏற்கிறேன். 1953 என்ற ஆண்டை ஏற்க என்னால் முடியவில்லை. அவர் இயந்திரத்தை மட்டும் பார்த்து எல்லை வைக்கிறார். மரவேலை செய்பவன் நிலத்திலிருந்துதான் பார்ப்பான். மட்டக்களப்பு, திருகோணமலைப் பாதைகள் இலகு புகையிரதப் பாதைகளாகவே கட்டப்பட்டன. இலேசான தண்டவாளம், சிக்கனமான நிலையங்கள், குறைந்த வேகம், சக்கர அச்சின் மேல் ஏறக்கூடிய சுமைக்கு ஒரு வரம்பு: இதுதான் அந்தக் காலத்தின் உயிர். ஆண்டு ஒன்றே என்பதற்காக, 1927 இல் மலைநாட்டுப் பாதைக்கென்று வந்த, கறட் எனப்படும் கனத்த இரட்டை இயந்திரத்தை இந்தப் பாதையில் நிறுத்திவிடக் கூடாது. ஆண்டு பொருந்தும், பாதை தாங்காது. இலங்கையில் பரவலாக ஓடிய 4-6-0 வகையில், அதாவது முன்னே நான்கு சிறு சக்கரமும் பின்னே ஆறு இயக்குச் சக்கரமும் கொண்ட வகையில், சிறியதொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அந்த அமைதியான இலகு பாதையின் காலம் போருடன் முடிகிறது என்பது என் கருத்து. திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படைக்கு இன்றியமையாததானது; 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின; அன்றே ‘ஹேமிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் நமது மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. திருகோணமலைக்குச் செல்லும் புகையிரதம் எதுவாயினும் மாகோவிலிருந்து கல் ஓயாச் சந்தி வரை நமது பாதையில்தான் ஓட வேண்டும். கரிக்கோச்சியே இழுத்தது என்பதற்காக 1935 ஐயும் 1943 ஐயும் ஒரே காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே என் கணக்கு 1928 முதல் 1939 வரை.

(அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை: கல் ஓயாச் சந்தி ஹபரணைக்கு அப்பால் இருக்கிறது. இங்கினியாகலையில் அணை கட்டிய நமது கல் ஓயா ஆற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அம்பாறை மாவட்டத்துக்குப் புகையிரதமே வரவில்லை. கல்முனையிலிருந்து நாங்கள் இன்றும் மட்டக்களப்புக்குச் சென்றுதான் கோச்சி ஏறுகிறோம்.)

இனி அளவு. நீங்கள் எந்த அளவில் அமைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தை வாங்கி, அதன் மேல் ஓஓ அளவு, அதாவது ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற கணக்கில் பெட்டி செய்து வைத்தால் பாதை நான்கடி ஒன்றரை அங்குலமாகச் சுருங்கிவிடும். இலங்கையின் அகலப் பாதை ஐந்தடி ஆறங்குலம். ஓஓ அளவில் அதற்கு 22 மில்லிமீற்றர் வேண்டும். அது கடையில் கிடைக்காது. ஆனால் ஓர் அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று அளவை மாற்றிப் பாருங்கள். ஐந்தரை அடியை மூன்றால் பெருக்கினால் 16.5. கடைத் தண்டவாளம் மயிரிழையும் பிசகாமல் நமது அகலப் பாதையாகிவிடுகிறது. இதை முதன்முதலில் பென்சிலால் பலகை ஓரத்தில் கணக்குப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த அளவில் ஐந்தரை அடி உயரமான மனிதரும் 16.5 மில்லிமீற்றர்தான். உங்கள் எட்டடிப் பலகை உண்மையில் ஏறத்தாழ 248 மீற்றர் நிலம். ஒரு மைல் வேண்டுமானால் அறைக்குள் கிட்டத்தட்ட 16 மீற்றர் வேண்டும். ஆகவே பாலமும் நிலையமும் சேர்த்து வைக்க ஆசைப்படாமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடைத் தண்டவாளத்தின் சிலிப்பர் வேறு நாட்டு அளவுக்கு வார்த்தது. நீளமும் கூடுதல், நெருக்கமும் கூடுதல். நான் அவற்றைக் கழற்றிவிட்டு, ஒன்பதடிக் கட்டை என்று கொண்டு 27 மில்லிமீற்றர் நீளத்தில் தேக்குச் சீவலை வெட்டி, ஒவ்வொன்றாக ஒட்டுகிறேன். ஓர் அடி நீளப் பாதைக்கு ஒரு மாலைப்பொழுது செல்லும். சீவலை ஒட்டுவதற்கு முன் தேயிலைச் சாயத்தில் ஊற வைத்தால் வெயில் தின்ற கட்டையின் நிறம் வரும்.

மறுமொழி: கல்லடிக் கரையோரம் (கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. தச்சுப்பட்டறை நானா, கையில் இருக்கும் அளவுகோலால் உடனே அளந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. நான் ஓஓ அளவில் இரண்டு பெட்டிகள் செய்துவிட்டேன். அவற்றை ஒதுக்கி வைக்கிறேன். காலத்தைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவு இல்லை. 1939 ஆ, 1953 ஆ?

மறுமொழி: அக்கரைப்பற்று வாடைக்காற்று

தம்பி, நான் சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை. என் வீட்டுக்காரர்தான் மாதிரி அமைப்பவர். அவருக்காகப் பழைய ஒளிப்படங்களைக் காலம் பிரித்துக் கொடுப்பது என் வேலை. இருவருடைய எல்லைகளும் தத்தம் அளவில் நியாயமானவை. வகுப்பு என்பது புத்தக அலமாரிக்குத் தேவை. நீங்கள் அமைப்பது ஒரு காட்சி. காட்சிக்குப் பதினோர் ஆண்டுகள் இருக்க முடியாது, அதற்கு ஒரு நாள்தான் இருக்கும். இரண்டு எல்லைகளுக்கும் உள்ளே விழுகின்ற ஓர் ஆண்டையும், அந்த ஆண்டில் ஒரு மாதத்தையும் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பின்னர் வந்த எதையும் பலகையில் ஏற்றாதீர்கள்.

மாதத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு நிலம் ஆண்டுக்கு இரண்டு முகம் காட்டும். மார்கழியில் வாடைக்காற்றும் மழையுமாக வாவி தளும்பி, வயல் முழுவதும் பச்சையாக இருக்கும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசி, புல் கருகி, மண் வெளுத்து, ஓடைகள் வற்றிக் கிடக்கும். பலர் பச்சைத் தூளை வாங்கிப் பலகை முழுவதும் தூவிவிட்டு, மழையே காணாத ஒரு மாதத்தின் வெயிலை விளக்கால் காட்டுகிறார்கள். ஆண்டைச் சரியாக வைத்த உழைப்பு அங்கே வீணாகிறது.

படங்களைப் பயன்படுத்தும்போதும் ஏறாவூர்க்காரர் சொன்ன விதியைக் கையாளுங்கள். நிலையத்தைப் பார்க்காமல் முதலில் பின்னணியைப் பாருங்கள். வாழைச்சேனைப் பக்கத்தில் காகித ஆலை தெரிந்தால் அந்தப் படம் 1950-களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. தென்னந்தோப்புகளை இன்றைய படங்களிலிருந்து எடுக்கவே வேண்டாம். 1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளிக்குப் பின்னர் இந்தக் கரையின் மரவரிசையே மாறிவிட்டது. முதிர்ந்த தென்னைகள் நெருங்கி நிற்க, இடையிடையே கிடுகு வேலியும் ஓலைக் கூரையும் தெரிவதுதான் நீங்கள் தேடும் காலம். வேலிக்கு ஈர்க்கைச் சீவிப் பயன்படுத்தலாம். வாங்கிய பொருள் எதுவும் அதைப் போல் வராது.

கடுகண்ணாவையில் 2014 டிசம்பர் 27 இல் திறந்த தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள். முதல் வண்டி ஓடிய அதே தேதியில் திறந்தார்கள். அங்கே இயந்திரத்தின் அருகில் நின்று, சக்கரம் உங்கள் மார்பின் எந்த இடத்துக்கு வருகிறது என்று பாருங்கள். படத்திலிருந்து அந்தப் பருமன் மனத்தில் ஏறாது.

மறுமொழி: ஏறாவூர்க் கைகாட்டி

ஆசிரியை அம்மா சொன்னதற்குப் பிறகு நான் 1953 க்காக வாதாடப் போவதில்லை. தம்பி 1939 க்கு முந்திய ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் என் எல்லைக்குள்ளும் அது அடங்கும், தச்சுப்பட்டறைத் தம்பியின் எல்லைக்குள்ளும் அடங்கும்.

ஓட்டமாவடிப் பாலத்தையே மீண்டும் செய்வீர்களானால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கும் மன்னம்பிட்டியிலும் புகையிரதமும் வாகனங்களும் நெடுங்காலம் ஒரே பாலத்தைப் பகிர்ந்துகொண்டன. மன்னம்பிட்டியில் வாகனங்களுக்குத் தனிப்பாலம் 2007 இல்தான் கிடைத்தது. ஆகவே பாலத்தின் மேல் தெருப்பரப்பும் இருக்க வேண்டும், அதற்குள் தண்டவாளமும் இருக்க வேண்டும், இரு முனையிலும் கடவைப் படலையும் இருக்க வேண்டும். உங்கள் பழைய மாதிரியில் பஸ் நின்றது தவறில்லை, சிவப்பு நிறமே தவறு. அந்த இடத்தில் ஒரு மாட்டு வண்டியை நிறுத்துங்கள். கோச்சி கடந்து போகும்வரை வண்டிக்காரர் இறங்கி, மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

நிலையம் ஒன்றைச் செய்வீர்களானால் டெப்லட் வளையத்தை மறக்காதீர்கள். என் தந்தையார் நிலையத்தில் வேலை பார்த்தவர். வண்டி நிற்காமல் ஊர்ந்து போகும்போது, டெப்லட் வைத்த தோற்பை தொங்கும் பெரிய வளையத்தை அவர் கைநீட்டிப் பிடிக்க, ஓட்டுநர் தம் கையை வெளியே விட்டு அதைத் தோள்வரை கோத்து எடுத்துக்கொள்வார். அந்த வளையம் கையில் இல்லாமல் அடுத்த நிலையம்வரை செல்ல யாருக்கும் அனுமதி இல்லை. மெல்லிய செப்புக் கம்பியை ஒரு பென்சிலில் ஒருமுறை சுற்றி வெட்டினால் வளையம் ஆகிவிடும்.

மறுமொழி: கல்லடிக் கரையோரம் (கேட்டவர்)

நானா, அக்கா, ஐயா, மூவருக்கும் என் வணக்கமும் நன்றியும். முடிவு செய்துவிட்டேன். 1936 ஆவணி, காலைப்பொழுது, ஓட்டமாவடிப் பாலத்தின் ஒரு முனை, கச்சான் காற்றுக் காலம். நிலையம் வேண்டாம்; 248 மீற்றருக்குள் பாலமும் அதன் படலையும் கரையில் ஒரு கிடுகு வேலியுமே இடங்கொள்ளும். இயந்திரம் சிறிய 4-6-0, பின்னால் மரப்பெட்டிகள் மூன்று, மூட்டை ஏற்றிய சரக்குப் பெட்டிகள் இரண்டு. படலைக்கு முன்னால் மாட்டு வண்டி ஒன்று நிற்கும்.

பழைய மாதிரியிலிருந்து சிவப்பு பஸ்ஸையும் டீசல் இயந்திரத்தையும் எடுத்து வேறு பெட்டியில் வைத்து, அதன் மேல் ‘1958 க்குப் பின்’ என்று எழுதிவிட்டேன். தேக்குச் சீவல் நேற்றிரவு முதல் தேயிலைச் சாயத்தில் ஊறுகிறது. நானா, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தால் நிறம் சற்றுச் சிவப்பாகத் தெரிகிறது. காய்ந்தால் வெளுக்குமா, அல்லது சாயத்தை மாற்ற வேண்டுமா?

மறுமொழி: கல்முனைத் தச்சுப்பட்டறை

ஒரு நாள் போதும் தம்பி. எடுத்து நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் சீவல் வளைந்துவிடும். ஈரத்தில் தெரியும் சிவப்பு காய்ந்தால் அடங்கும். அடங்காவிட்டால் துருப்பிடித்த ஆணி நான்கை வினாகிரியில் இரண்டு நாள் போட்டு வைத்து, அந்த நீரைத் துணியில் தொட்டு ஒருமுறை மட்டும் தடவுங்கள். தேயிலை பட்ட மரத்தில் அது உடனே சாம்பல் கலந்த கறுப்பாக மாறும். முதலில் ஒரு துண்டில் தடவிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தடவுங்கள்.